காது வளர்த்த பாட்டியும் கத்தியில்லா மருத்துவமும்

உங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலருடைய படத்தில் காதுச் சோணை ஏறக்குறைய தோளைத் தொட்டுக்கொண்டு தொங்கும். அதில் பாம்படமோ தண்டட்டியோ ஆடும். தென் தமிழ்நாட்டில் முற்காலத்துப் பெண்கள் பலர் இப்படிக் காது வளர்த்தார்கள். சரவாக்கில் காயான் உள்ளிட்ட ஒராங் உலு மக்களின் மூதாட்டிகளும் பித்தளை வளையங்களை மாட்டிக் காது வளர்த்தவர்களே.

அந்தக் காதை யாரும் கத்தியால் நீட்டவில்லை. முதலில் ஒரு சிறு துளை. அதில் பஞ்சுத் திரி. பிறகு ஓலைச் சுருள். அதன்பின் எடையுள்ள வளையம், அடுத்து இன்னும் கொஞ்சம் எடை கூடிய வளையம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்தார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் கனமான நகையை மாட்டினால் சோணை அறுந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். உயிருள்ள திசுவை மெல்ல இழுத்தால் அது நீண்டு வளரும்; வேகமாக இழுத்தால் கிழியும். இந்த எளிய உண்மையின்மேல் இன்று ஒரு மருத்துவ முறையே நிற்கிறது. கருப்பையும் யோனிக்குழாயும் முழுமையாக வளராமல் பிறந்த பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமல் உதவும் முறை அது.

பேசக் கூச்சமான விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண் குழந்தைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஆயிரம் மாணவிகள் படிக்கும் ஐந்து பள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால், அதில் ஒரு மாணவிக்கு இது இருக்கக்கூடும். அந்த மாணவிக்கே அது இன்னும் தெரியாமலும் இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று மட்டும் வரவில்லை

இந்நிலைக்கு எம்.ஆர்.கே.எச். என்று பெயர். மேயர், ரோக்கிடான்ஸ்கி, கூஸ்டர், ஹாவுசர் என்னும் நான்கு மருத்துவர்களின் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது. முதலாமவர் எழுதியது 1829ல், நான்காமவர் எழுதியது 1961ல். ஒரே நிலையை முழுமையாகப் புரிந்துகொள்ள 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்நிலையில் உள்ள சிறுமி மற்றவர்களைப் போலவே வளர்கிறாள். உயரம் கூடுகிறது. மார்பகம் வளர்கிறது. முகப்பருவும் வருகிறது. வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. மாதவிடாய் மட்டும் வருவதில்லை.

நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய செய்தியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் வயதுக்கு வந்தால் மண்டபம் எடுத்து மஞ்சள் நீராட்டு விழா நடத்தும் சமூகம் நம்முடையது. அத்தைகளும் சித்திகளும் ஒவ்வொரு தீபாவளிக்கும் "இன்னுமா ஆகலை?" என்று கேட்பார்கள். அந்தப் பெண் 13 வயதில் காத்திருப்பாள், 14 வயதில் கவலைப்படுவாள், 15 வயதில் கழிவறையில் தோழியிடம் பொய் சொல்லத் தொடங்குவாள். பல பெண்களுக்கு இந்நிலை 15 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில்தான் கண்டறியப்படுகிறது.

மாதவிடாய் வராமலே மார்பகம் மட்டும் எப்படி வளர்ந்தது? விடை சூலகத்தில் இருக்கிறது. பருவ வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன்களைச் சுரப்பது சூலகமே. எம்.ஆர்.கே.எச். நிலையில் இரண்டு சூலகங்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. மாதந்தோறும் கருமுட்டையும் வெளிவருகிறது. மாதவிடாய் இரத்தம் வருவது கருப்பையின் உட்சுவரிலிருந்து. அந்தக் கருப்பைதான் இங்கு இல்லை, அல்லது மிகச் சிறியதாக வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது. குரோமோசோம்களைச் சோதித்தால் 46 இருக்கும், அவற்றில் இரண்டு எக்ஸ். "நான் பெண்தானா?" என்ற கேள்வி இப்பெண்கள் பலரை அரிக்கிறது. அவர்களுடைய ஒவ்வோர் உயிரணுவும் தரும் விடை ஆம் என்பதே.

ஏழாவது வாரத்தில் நடந்தது

கருவிலிருக்கும் குழந்தை ஆறு, ஏழு வாரமாக இருக்கும்போது அது ஆணா பெண்ணா என்று உறுப்புகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாக் கருவிலும் இரண்டு ஜோடிக் குழாய்கள் இருக்கும். ஒரு ஜோடி வுல்ஃப் குழாய்கள். மற்றொன்று முல்லர் குழாய்கள். ஆண் கருவாக இருந்தால் விரைகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து முல்லர் குழாய்களை மறையச் செய்துவிடும். பெண் கருவில் அந்த ஹார்மோன் வராது. ஆகவே முல்லர் குழாய்கள் வளர்ந்து கீழிறங்கி, நடுவில் ஒன்றையொன்று சந்தித்து இணைகின்றன. இணையாத மேல்முனைகள் இரண்டும் கருக்குழாய்கள் ஆகின்றன. இணைந்த பகுதி கருப்பையாகவும் யோனிக்குழாயின் மேற்பகுதியாகவும் உருவெடுக்கிறது.

எம்.ஆர்.கே.எச். நிலையில் முல்லர் குழாய்களின் இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. சூலகம் வேறோர் இடத்திலிருந்து தனியாக உருவாவதால் அதற்குப் பாதிப்பு இல்லை. யோனியின் கீழ்முனையும் வெளியுறுப்புகளும் வேறு திசுவிலிருந்து வருவதால் அவையும் இயல்பாகவே இருக்கின்றன. யோனிக்குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சிறு பள்ளமோ குட்டையான குழாயோதான் இருக்கும்.

முல்லர் குழாய் தானாக வழி கண்டுபிடித்துப் போவதில்லை. பக்கத்திலுள்ள வுல்ஃப் குழாயை ஒட்டிக்கொண்டு, அதையே வழிகாட்டியாகப் பிடித்துக் கீழிறங்குகிறது. சிறுநீரகம் உருவாவதற்கான மொட்டும் இதே வுல்ஃப் குழாயிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரே தெருவில் இரண்டு வீடு கட்டுகிறார்கள். தெருவில் சிக்கல் வந்தால் இரண்டு வீட்டு வேலையும் தடைபடுமல்லவா? இதனால்தான் எம்.ஆர்.கே.எச். உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒரே ஒரு சிறுநீரகம் இருப்பது, அல்லது சிறுநீரகம் இடம் மாறி இருப்பது போன்ற வேறுபாடுகள் காணப்படுகின்றன. சிலருக்கு முதுகெலும்பிலும் செவித்திறனிலும் வேறுபாடு இருக்கலாம். மாதவிடாய் வரவில்லை என்று வந்த பெண்ணுக்கு மருத்துவர் சிறுநீரகத்தையும் ஏன் ஸ்கேன் செய்யச் சொல்கிறார் என்று இப்போது புரியும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஆரோக்கியமாக வாழலாம். ஆனால் இருப்பது ஒன்றுதான் என்று தெரிந்திருப்பது அவசியம்.

இது ஏன் நடக்கிறது? சிலரிடம் சில மரபணு மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலோரில் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் உறுதி. தாய் கர்ப்ப காலத்தில் பப்பாளி சாப்பிட்டதாலோ, கிரகணத்தன்று வெளியே போனதாலோ இது வருவதில்லை.

ஒன்று போலத் தோன்றும் வேறு நிலைகள்

மாதவிடாய் வராததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. சில பெண்களுக்குக் கருப்பை நன்றாக இருக்கும். யோனி வாயிலை ஒரு சவ்வு முழுவதுமாக மூடியிருக்கும். இரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். மாதாமாதம் வயிற்றுவலி வரும், இரத்தம் மட்டும் வராது. இதைத் தள்ளிப்போடாமல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையால் சரிசெய்ய வேண்டும். இங்கே மெல்ல அழுத்தும் முறை உதவாது. வேறு சிலருக்குக் குரோமோசோம் அமைப்பே எக்ஸ்ஒய் ஆக இருந்து, உடல் ஆண் ஹார்மோனை உணராததால் பெண்ணாகவே வளர்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் கருப்பை இருக்காது. முதலில் எந்த நிலை என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகே சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

1938ல் இரண்டு வழிகள்

எம்.ஆர்.கே.எச். உள்ள பெண்ணின் உயிருக்கோ அன்றாட ஆரோக்கியத்துக்கோ யோனிக்குழாய் இல்லாததால் ஆபத்து எதுவும் இல்லை. பின்னாளில் இல்லற வாழ்வில் உடலுறவு கொள்ள விரும்பினால்தான் அது தேவைப்படுகிறது. அதற்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு 1938ஆம் ஆண்டில் இரண்டு மருத்துவர்கள் இரண்டு எதிரெதிரான விடைகளை வெளியிட்டார்கள்.

லண்டனில் இருந்தவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. நியூசிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் தீக்காயமடைந்த விமானிகளுக்கு முகம் சீரமைத்துப் புகழ்பெற்றவர் இவரே. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் அறுத்து இடம் உண்டாக்கி, உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்த தோலை ஓர் அச்சின்மேல் சுற்றி உள்ளே வைத்துக் குழாய் உருவாக்கினார்.

நியூயார்க்கில் இருந்தவர் ராபர்ட் ஃபிராங்க். மாதவிடாய்க்கு முன் பெண்களுக்கு வரும் மன உளைச்சலை 1931லேயே மருத்துவ இதழில் எழுதியவர். அவர் கத்தியைத் தொடவில்லை. வழவழப்பான சிறு தண்டு ஒன்றை அந்தப் பள்ளத்தில் வைத்து, அந்தப் பெண்ணே தினமும் சிறிது நேரம் மென்மையாக அழுத்திவந்தால் போதும் என்றார். பள்ளம் கொஞ்சம் ஆழமானதும் சற்றுப் பெரிய தண்டு. பாட்டியின் காதில் வளையம் மாறியது போல. சில மாதங்களில் இயல்பான குழாய் உருவாகிவிட்டது.

பல ஆண்டுகள் வரை மருத்துவ உலகம் மெக்கிண்டோவின் பக்கமே சாய்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும், சாதனையாகவும் தெரியும். ஃபிராங்க் சொன்னதற்குப் பொறுமையும் தனிமையும் நேரமும் வேண்டும். ஆனால் அறுவைச் சிகிச்சையில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. புதிதாகச் செய்த குழாய் காயம் ஆறும்போது சுருங்கிவிடும். சுருங்காமலிருக்க அதன் பிறகும் மாதக்கணக்கில் அதே போன்ற தண்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். எப்படியும் தண்டுதான் என்றால் அறுப்பது எதற்கு?

1981ல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் இங்ரம் ஒரு மாற்றம் செய்தார். கையால் அழுத்துவது அலுப்பாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னதைக் கேட்டு, சைக்கிள் இருக்கையை ஒரு முக்காலியில் பொருத்திக் கொடுத்தார். உட்கார்ந்தால் உடல் எடையே வேண்டிய அழுத்தத்தைத் தரும். கை இரண்டும் புத்தகம் படிக்கக் கிடைக்கும். நோயாளியின் குறையைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

இன்று நிலை தலைகீழ். அமெரிக்க மகப்பேறு, பெண்நோயியல் மருத்துவர் கல்லூரி 2018ல் வெளியிட்ட வழிகாட்டியில் முதலில் பரிந்துரைக்கப்படுவது ஃபிராங்க் வழியில் வந்த முறையே. நல்ல ஆலோசனையோடு முறையாகச் செய்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு அது பலனளிக்கிறது. அது கைகூடாதவர்களுக்கும், நன்கு யோசித்த பின் அறுவைச் சிகிச்சையே வேண்டும் என்பவர்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது.

அழுத்தினால் ஏன் வளர வேண்டும்?

ஒரு ரப்பர் பட்டையை இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும். திசு அப்படித் திரும்பாமல் புதிய அளவில் நின்றுவிடுவது எப்படி?

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது சாதாரண இயற்பியல். திசுவுக்குள் கொலாஜன் என்னும் புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். தொடர்ந்து அழுத்தம் வரும்போது அவை அழுத்தம் வரும் திசைக்கு ஏற்ப மெல்ல அணிவகுத்து நீளும். இது மட்டும் என்றால் திசு மெலிந்துகொண்டே போகும். இரண்டாவது வேலைதான் முக்கியமானது. உயிரணுக்கள் தாங்கள் இழுபடுவதை உணர்கின்றன. அவற்றின் உறையில் பீசோ என்ற புரத வாயில்கள் இருக்கின்றன. உறை இழுபட்டால் வாயில் திறக்கும். கால்சியம் உள்ளே புகும். அது ஒரு செய்தியாக மாறும். இந்த வாயில்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மேற்புறத் திசுவின் உயிரணுக்களை இழுத்தால், இந்த வாயில் வழியாகவே அவை பிளவுபட்டுப் பெருகத் தூண்டப்படுகின்றன என்று 2017ல் ஓர் ஆய்வு காட்டியது. இருப்பது நீளுவதோடு, புதிதாகவும் உண்டாகிறது.

இதே விதியை மருத்துவம் பல இடங்களில் பயன்படுத்துகிறது. 1957ல் சார்ல்ஸ் நியூமன் என்ற மருத்துவர், விபத்தில் காதை இழந்த ஒருவரின் தோலுக்கடியில் பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, காது செய்யப் போதுமான தோலை வளர்த்தெடுத்தார். சோவியத் ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசாரோவ், காலெலும்பை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கி நீளச் செய்தார். உங்கள் வகுப்பில் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் நண்பரைக் கேளுங்கள். ஆர்த்தோடாண்டிஸ்ட் ஏன் ஒரே நாளில் முறுக்கி முடிப்பதில்லை என்று அவர் சொல்வார். அழுத்தம் மிஞ்சினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கும், இரத்தம் கிடைக்காத திசு மடியும். வலிக்கும் அளவுக்கு அழுத்தினால் பலன் கூடுவதில்லை, புண்தான் ஆகும். அதனால் இம்முறையை மருத்துவரோ பயிற்சி பெற்ற தாதியோ நேரில் கற்றுக்கொடுத்து, இடையிடையே பார்த்துவர வேண்டும். தானாகச் செய்து பார்க்கும் காரியம் அல்ல இது.

எப்போது, யார் முடிவு செய்வது?

இச்சிகிச்சைக்குக் கெடு கிடையாது. 17 வயதில் தொடங்கினாலும் 30 வயதில் தொடங்கினாலும் திசு வளரும். தொடங்காமலே இருந்தாலும் உடலுக்குக் கேடு இல்லை. ஆகவே அந்தப் பெண் மனத்தளவில் பக்குவப்பட்டு, தனக்கு வேண்டும் என்று தானே சொல்லும் நாளே சரியான நாள் என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அம்மாவின் கவலைக்காகவோ, மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதற்காகவோ தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். இம்முறையின் வெற்றி அந்தப் பெண்ணின் விருப்பத்திலும் தினசரிப் பழக்கத்திலும் இருக்கிறது. வற்புறுத்தினால் இரண்டும் போய்விடும். என் பார்வையில், மருத்துவர் கையிலிருந்த முடிவை இது அப்பெண்ணின் கைக்கு மாற்றியிருக்கிறது. தண்டின் வழவழப்பைவிட அது பெரிய முன்னேற்றம்.

செய்தியைக் கேட்டவுடன் பெண்கள் முதலில் கேட்பது இதைப் பற்றியே அல்ல. "எனக்குக் குழந்தை பிறக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். யோனிக்குழாய்ச் சிகிச்சையால் கருப்பை வந்துவிடாது. ஆனால் சூலகமும் கருமுட்டையும் இருப்பதால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாடகைத்தாய் வழியாகச் சொந்தக் கருமுட்டையில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பிறந்த 34 குழந்தைகளை அமெரிக்காவில் 1997ல் ஆராய்ந்தபோது, அதில் இருந்த பெண் குழந்தைகள் எவருக்கும் தாயின் நிலை இல்லை. இன்னொரு வழி கருப்பை மாற்றுச் சிகிச்சை. சுவீடனின் கோதன்பர்க் நகரில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழுவினர், 61 வயதுக் குடும்பத் தோழி தானமாகத் தந்த கருப்பையை எம்.ஆர்.கே.எச். உள்ள ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். 2014 செப்டம்பரில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அப்படிப் பொருத்தப்பட்ட கருப்பையில் பிறந்த உலகின் முதல் குழந்தை அது. பெரிய அறுவைச் சிகிச்சை, உடல் நிராகரிக்காமலிருக்க மருந்து எனச் சிரமங்கள் உண்டு. எல்லோருக்கும் எட்டும் வழியாக இது இன்னும் ஆகவில்லை.

15 வயதாகியும் மாதவிடாய் வராத மாணவி, அல்லது அதற்கு முன்பே மாதாமாதம் வயிற்றுவலி மட்டும் வரும் மாணவி, கிளினிக்குக்குப் போவது நல்லது. பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, சிலருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அம்மாவையோ அக்காவையோ பள்ளி ஆலோசக ஆசிரியரையோ துணைக்கு அழைக்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். அங்கே முதலில் செய்வது பேச்சு, இரத்தப் பரிசோதனை, வயிற்றின்மேல் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேன் ஆகியவைதான். ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரச் சொல்வார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை ஒலியலைகளுக்கு ஜன்னல் மாதிரி. அதன் வழியாகத்தான் பின்னாலிருக்கும் கருப்பையும் சூலகங்களும் திரையில் தெளிவாகத் தெரியும்.